பதினான்கரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்.
சரி, சோற்றுக்கு.
கோதுமை லாரிக்கு அது செல்லாது.
மேலே காய்ந்து மினுங்கும்,
அடியில் ஈரம் புழுங்கிக்கொண்டிருக்கும்.
நீண்ட பித்தளைக் குழாயை ஆழச் செருகி
ஐந்து இடத்தில் உருவிப் பார்ப்பது என் வேலை.
சஸ்காட்செவன் சமவெளியில்
வாரம் ஒரு சரக்கு ரயில் வரும் ஊரில்
பத்தொன்பது வருடமாக.

பெயர் ஆர்டித் கிளாசன். வயது நாற்பத்து மூன்று.
எங்கள் மென்னோனைட் சபையில்
கல்யாணமாகாத ஆண்கள் மூன்று பேர்:
ஒருவர் என் சித்தப்பா,
ஒருவனுக்கு ஞாயிறு பள்ளியில் நான்தான் வகுப்பெடுத்தேன்,
மூன்றாமவன் என் தம்பி.

ஆகவே இந்த ஜனவரி,
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு,
உள்ளே லேப்டாப்.

முதல் தளத்தில் புறா பறந்தது, சிலுவை சுழன்றது.
பெயரைக் கேட்கும் முன்பே
கார்டு எண்ணைக் கேட்டது.
உங்கள் ஊரில் உங்களுக்காகக் காத்திருப்போர்
இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர் என்றது.
எங்கள் ஊரின் மக்கள்தொகை அறுநூற்றுப் பதினொன்று.
கல்லறைத் தோட்டத்தையும் கூட்டினால்
கிட்டத்தட்டச் சரியாக வரலாம்.

இரண்டாவதில் ஒருவர்.
நடுக்கடலில் எண்ணெய்க் கிணறு, மனைவியை இழந்தவர்,
மூச்சுக்கு மூச்சு வசனம்.
எங்கள் போதகர்கூட இவ்வளவு சொல்லமாட்டார்,
அவருக்கு அதற்குச் சம்பளமே இருக்கிறது.
மூன்றாம் நாள் மகளுக்குக் காய்ச்சல்.
நான்காம் நாள் பரிசு அட்டை வேண்டும்,
ஐந்நூறு டாலருக்கு.

சொல்லிவிடுகிறேன்: கடைக்குப் போனேன்.
இரண்டு அட்டைகள் வாங்கி
காருக்குள் எஞ்சினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தேன்,
பின்பக்க எண்ணைச் சுரண்டாமல்.
'என் ஆசீர்வாதமே' என்று அழைத்திருந்தார்.
வேறு யாரும் என்னை அப்படி அழைத்ததில்லை.

புகார் எழுதினேன்.
உங்கள் கருத்துக்கு நன்றி என்றது ஓர் இயந்திரம்.
மறுநாளும் அவர் அங்கேயே இருந்தார்
பச்சைப் புள்ளியோடு.

அப்புறம்தான் உறைத்தது:
குழாயை எடு, ஆர்டித்.
வாசல் தோரணத்தைப் பார்க்காதே,
வெளியேறும் கதவு எங்கே என்று பார்.
என் முகவரியை யாரிடம் விற்பார்கள்,
பொடி எழுத்தில் பார்.
கூப்பிட்டால் யார் எடுக்கிறார்கள்?

மூன்றாவது தளம் அழகில்லை.
சாம்பல் நிறம், ஆமை வேகம்.
ஓட்டுநர் உரிமத்தைக் கேட்டது,
கேமரா முன் இடமும் வலமும் முகத்தைத் திருப்பச் சொன்னது,
கடாக்கன்றைச் சந்தையில் பார்ப்பதுபோல.
கீழே ஒரு தொலைபேசி எண். அடித்தேன்.
வின்னிபெக்கிலிருந்து இருமலோடு எடுத்தாள் வெர்னா என்பவள்.
"போன மாதம் எத்தனை பேரை வெளியே தள்ளினீர்கள்?"
"முப்பத்தேழு.
அதில் ஒருவர் உதவிப் போதகர்."
அந்தப் பதிலுக்குத்தான் பணம் கட்டினேன்.

விசுவாசியா, ஆம் இல்லை என்ற கட்டம் அங்கே இல்லை.
பதிலாக ஒரு கேள்வி:
கடைசியாக யாரிடம் மன்னிப்புக் கேட்டீர்கள்?
ஒரு மணி நேரம் எழுதி எழுதி அழித்தேன்.

முந்நூறு கிலோமீட்டர் சுற்றளவில் ஒன்பது பேர்.
ஒன்பதே ஒன்பது. நம்பினேன்.

ஏழாவது, லோரன் டூயெக்.
முகத்துக்கு முன்னால் அந்த நீல லாரிதான் ஞாபகம் வந்தது.
போன அக்டோபரில் அவன் கோதுமையைத் திருப்பி அனுப்பினேன்.
பதினைந்து புள்ளி இரண்டு.
பதினான்கரைக்கு மேல் ஈரமென்றால் ஈரம்தான்.
உன் மீட்டரைக் குப்பையில் போடு என்று கத்திவிட்டு
சரளை தெறிக்கப் போனான்.

மன்னிப்புக் கேள்விக்குக் கீழே
அவன் எழுதியிருந்தது:
"இன்னும் கேட்கவில்லை. தானியக் கிடங்கில் ஒரு பெண்.
வீட்டுக்குப் போய் நானும் அளந்து பார்த்தேன்.
அவள் மீட்டர் சரி."

இன்னும் பதில் போடவில்லை.
இது ஓர் இடம். இன்னும் நான்கு இருக்கிறது.

தேநீர் ஆறிப்போயிருந்தது.
புதிதாகப் போட்டு, டிராயரைத் திறந்து
அந்த இரண்டு அட்டைகளையும் ஓரமாகத் தள்ளி
கரண்டியை எடுத்தேன்.